அடுத்தவர் பில்லை

ஜனவரி 5, திங்கள்

மொதல்லயே ஒண்ண ஒத்துக்கறேன். இந்த டைரி எனக்குக் குடுத்தது இல்லை. எங்க மொதலாளி வெள்ளிங்கிரி சார் யாரோ ஒரு பெரிய டாக்டருக்குக் குடுக்கறதுக்காக மேசை மேல வெச்சிருந்தார். அதுமேல டீயைக் கொட்டினது நான். தொடைச்சுப் பார்த்தேன், ஜனவரி மொத நாலு பக்கமும் பழுப்பாயிருச்சு. முந்தானைக்குள்ள சொருகிக் கொண்டாந்துட்டேன். அவர் தேடித் தேடிப் பார்த்துட்டு, "இந்த ஆபீஸ்ல பேய் இருக்குது போல"ன்னார். "இருக்குதுங் சார், நல்லா டீ கூடப் போடும்"னேன். சிரிச்சுட்டுப் போயிட்டார். அதனால என் வருஷம் அஞ்சாந்தேதியில ஆரம்பிக்குது.

நான் பொன்னாத்தா. ஆறாவதோட நின்ன படிப்பு. பீளமேட்டுப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில டீ போடறது, கூட்டறது, தொடைக்கறது. பதினோரு பேருக்கு நான் ஒருத்தி. கிட்னி போனவங்களுக்கு ரத்தம் சுத்தம் பண்ற மிஷின் இருக்குதுல்ல, அதுக்கு உள்ள இருக்கிற மூளையை இங்கதான் எழுதறாங்க. டெஸ்ட் ரூம்ல ஒரு மிஷின் நிக்கும். ஆள் கிடையாது, ரத்தத்துக்குப் பதிலா சிவப்புச் சாயத்தண்ணி சுத்தும்.

அந்த ரூம் சுவத்துல ஒரு ஆணிப் பலகை. எபனேசர் சார் அடிச்சு மாட்டினது. நாசரேத்துக்காரர், நாப்பது வயசு, தலையில முடியை விடப் பேச்சு ஜாஸ்தி. எல்லாருக்கும் பேர் போட்ட தகரப் பில்லை ஒண்ணு இருக்கு. மிஷினை உபயோகிக்கறவங்க அவங்க பில்லையை ஆணியில மாட்டணும். வேலை முடிஞ்சா அவங்கவங்க பில்லையை அவங்கவங்களேதான் கழட்டிட்டுப் போகணும். அடுத்தவர் பில்லையை யாரும் தொடக்கூடாது. பலகை காலியா இருந்தா வாட்ச்மேன் மயில்சாமி அண்ணன் மெயினை அணைச்சுருவார்.

"எக்கா, ஒங்களுக்கும் ஒரு பில்லை அடிச்சுத் தரட்டுமா?"ன்னு எபி சார் கேட்டார்.

"எனக்கெதுக்குங் சார்? நான் இல்லீன்னா டீ வராது, தன்னால தெரிஞ்சுக்குவீங்க"ன்னேன்.

ஜனவரி 6, செவ்வாய்

மாமாவுக்கு, அதான் என் வீட்டுக்காரருக்கு, டயாலிசிஸ் நாள். செவ்வாயும் வெள்ளியும். நான் அரைநாள் லீவு போட்டுக் கூடப் போவேன். வார்ப்படப் பட்டறையில இரும்பைக் கஞ்சி மாதிரி ஊத்தின மனுஷன், ரெண்டு வருஷமா நாலு மணி நேரம் நாற்காலியில கையை நீட்டிக்கிட்டுப் படுத்திருக்கார்.

பக்கத்து நாற்காலி சுலைமான் பாய். பிரியாணி மாஸ்டர். கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்கு ஆக்கினவர், இப்ப உப்பு ஆகாது, தண்ணி ஆகாது. "தங்கச்சி, உப்பில்லாத பிரியாணி செய்யக் கத்துக்கிட்டேன். ஒரே குறை, எனக்கே பிடிக்கலை"ங்கறார். மாமா சிரிச்சதுல ஊசி ஆடி, ரெஜினா சிஸ்டர் வந்து ரெண்டு பேரையும் வைதாங்க.

பொங்கல் கழிச்சு எங்க கம்பெனி மிஷின் அஞ்சு இந்த சென்டருக்கு வரப்போகுது. பழசை எடுத்துட்டுப் போயிருவாங்க. நான் பாய்கிட்ட, "அதுல பாதி என் டீயில உருவானதுங்"ன்னேன். "அப்ப சர்க்கரை ஏறிடுமே தங்கச்சி"ங்கறார்.

ஜனவரி 9, வெள்ளி

கடைசி டெஸ்ட் ஆரம்பம். எழுவத்திரெண்டு மணி நேரம் மிஷின் நிக்காம ஓடணும். சாயங்காலம் அஞ்சரைக்கு எபி சார் பட்டனைத் தட்டிட்டு, பில்லையை மாட்டிட்டு, பையை எடுத்துட்டார். மகளுக்குப் பொறந்தநாள், ஊருக்குப் போகணும். போறப்ப என் டீயை ஒரு மொடக்குக் குடிச்சுட்டு, "இந்தத் தண்ணியவே மிஷினுக்குள்ள ஊத்தலாம்க்கா, ஒரு தூசி இருக்காது"ன்னார்.

இருக்கட்டும். அவர் போனதும் அவர் பில்லையைக் கழட்டி சர்க்கரை டப்பாவுக்குள்ள பொதைச்சு வெச்சுட்டேன். திங்கக்கிழமை தேடட்டும். தேடித் தேடி அலுத்து டீ கேப்பார்ல, அப்ப ஸ்பூன்ல எடுத்துப் போடுவேன்.

ஜனவரி 10, சனி

லீவு. வீடு ஒட்டடை அடிச்சேன். முதுகு போச்சு.

ஜனவரி 12, திங்கள்

ஏழு மணிக்கே ஆபீஸ் போனேன். சின்ன வேலை ஒண்ணு இருந்துச்சு. முடிச்சாச்சு. பில்லையைத் தேட விடற விளையாட்டு வேண்டாம்னு விட்டுட்டேன். துணியில தொடைச்சு ஆணியிலயே மாட்டிட்டேன்.

எபி சார் பத்து மணிக்கு வந்தார். பில்லை தொங்குது, சாயத்தண்ணி சுத்துது, பச்சை லைட் எரியுது. சாயங்காலம் அஞ்சரை ஆனதும் கையைத் தட்டினார். "பாத்தீயளா! மூணு நாளும் மூச்சு விடாம ஓடிருக்கு!" பேப்பர்ல கையெழுத்துப் போட்டார். மொதலாளி ஜிலேபி வாங்கி வரச் சொன்னார்.

மயில்சாமி அண்ணன் கேட்டுகிட்ட என்னை நிறுத்தி, "ஏனம்மிணி, சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு நான் ரவுண்டு போனப்ப அந்தப் பலகை..."ன்னு ஆரம்பிச்சார். வாயில ரெண்டு ஜிலேபியைத் திணிச்சேன். மனுஷனுக்கு சர்க்கரை வியாதி, இருந்தாலும் தின்னுட்டார்.

நான் தின்னலை. பல்லு வலி.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பொங்குச்சு.

ஜனவரி 20, செவ்வாய்

புது மிஷின் வந்தாச்சு. மாமாவை எங்க மிஷின்ல படுக்க வெச்சு, குழாய்ல ரத்தம் சுத்தறதைப் பார்த்தேன். சாயத்தண்ணி மாதிரியே இருக்கு. மாமா என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "ஏம்புள்ள, ஓடறது என்ற ரத்தம், உனக்கெதுக்கு வேர்க்குது?"ன்னார். ஃபேன் வரலைன்னேன். ஃபேன் நேரா என் தலை மேல.

பொங்கல் லீவுல டயாலிசிஸ் விட்டுப்போன ஆளுங்க நெறையப் பேராம். நாளையில இருந்து ராவும் பகலும் மிஷினை அணைக்காம ஓட்டறாங்களாம்.

ஜனவரி 23, வெள்ளி

எழுதணுமான்னு தெரியலை. எழுதறேன்.

பாய் இன்னைக்கு ஏழு மணிக்கே வந்துட்டார். பதினொண்ணுக்கு முடிச்சா ஜும்மாவுக்குப் போயிரலாம்னு. மத்த நாலு மிஷினையும் காலையில அணைச்சுக் கழுவி எழுப்பினாங்க. பாய் ஏற்கெனவே படுத்துட்டதால அவரோடதை மட்டும் அணைக்கலை. புதன்கிழமையில இருந்து ஓடிக்கிட்டிருந்த மிஷின்.

பத்து அம்பதுக்கு அவர் மிஷின்ல பம்பு நின்னுருச்சு. சத்தம் வரலை. எது நடந்தாலும் வீல்னு கத்தற மிஷின் ஒரு முக்கு முனகல் கூட இல்லாம நின்னுருச்சு. பாய் கண்ணை மூடியிருந்தார், தூங்கறார்னு நெனைச்சோம். மாமாதான், "சிஸ்டர், அங்க சக்கரம் சுத்தலீங்க"ன்னார். ரெஜினா சிஸ்டர் ஓடி வந்து கைப்பிடியைப் போட்டுச் சுத்திப் பார்த்தாங்க. குழாய்ல ரத்தம் உறைஞ்சு போச்சு. திருப்பி ஏத்த முடியலை. ஏற்கெனவே ரத்தம் கம்மியான மனுஷன், இருதயமும் சுகமில்லை. ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்ப என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். கேக்கலை.

தொப்பி நாற்காலியிலயே கிடந்துச்சு. மடிச்சு என் பையில வெச்சிருக்கேன்.

ஜனவரி 25, ஞாயிறு

பாய் போயிட்டார். மாமா சாப்பிடலை. நான் ரசம் வெச்சேன், கொட்டினேன்.

ஜனவரி 27, செவ்வாய்

ரெஜினா சிஸ்டரை வேலையில இருந்து நிறுத்திட்டாங்க. எச்சரிக்கை மணியை அவங்கதான் அமுத்தி வெச்சிருக்கணுமாம். "எந்தக் கையால அமுத்துனேன், சொல்லுங்க"ன்னு அழுதுக்கிட்டே போச்சு அந்தப் பொண்ணு. பாயோட மிஷின் ஆபீஸுக்கு வந்திருக்கு. நேத்துப் பகல் பூரா ஓட்டிப் பார்த்தாங்க, ஒரு குத்தமும் இல்லை.

மொதலாளி எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். "நம்ம மிஷின் எழுவத்திரெண்டு மணி நேரம் நிக்காம ஓடினது. கையெழுத்து இருக்குது. அதனால மூளையில தப்பில்லை. நர்ஸ் கைத்தப்பு." நான் டீ ஊத்திக்கிட்டிருந்தேன். சாஸர்லயும் ஊத்திட்டேன்.

மாமாவை இன்னைக்கும் சென்டர்ல எங்க கம்பெனி மிஷின்லதான் படுக்க வெச்சேன். வேற மிஷின் கிடையாது. பழசையெல்லாம் எடுத்துட்டுப் போயாச்சே.

ஜனவரி 28, புதன்

எபி சார் மட்டும் நம்பலை. பாயோட மிஷின் முன்னால உக்காந்திருக்கார், மூணு நாள் தாடி. டீ கொண்டு போனேன்.

"என்னங் சார், பொண்ணு பாக்கப் போறவரு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

சிரிக்கலை. "எக்கா, பம்பை ஓட்டுததுக்குன்னு உள்ள ஒரு தனிப் புரோகிராம் துண்டு உண்டு. வேணும்னா ஏத்திக்கிடலாம், வேண்டாம்னா எறக்கிடலாம். நம்ம பலகை கணக்காத்தான். அந்தத் துண்டை உபயோகிக்கப் போற ஒவ்வொரு புரோகிராமும் ஒரு பில்லை மாட்டும். ஆனா உள்ள தகரம் கெடையாது, ஒரு எண்ணிக்கைதான். வந்தா ஒண்ணு கூடும், போனா ஒண்ணு குறையும். பூச்சியம் ஆச்சுன்னா, ஒருத்தருக்கும் வேண்டாம்னு மிஷின் அந்தத் துண்டைத் தூக்கி வெளிய போட்டுரும்."

"பம்பு ஓடிட்டு இருக்கறப்ப எப்பிடிங் சார் பூச்சியம் ஆகும்?"

"ஆகாது. எவனாவது தன் பில்லையை மாட்டாமலே, போகும்போது அடுத்தவன் பில்லையைக் கழத்திட்டுப் போனாத்தான் ஆகும். ஒரு தடவை ரெண்டு தடவைன்னா தெரியாது. ஒவ்வொண்ணாக் குறைஞ்சு குறைஞ்சு ஒருநாள் பலகை காலியாயிரும். ஆனா அப்படி ஒண்ணு உள்ள இருந்தா, மூணு நாள் டெஸ்ட்ல மாட்டியிருக்குமேக்கா. ஓடிச்சே. நிக்காம ஓடிச்சே."

டம்ளரை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அவர் இன்னும் குடிக்கலை, நான் பாட்டுக்கு எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

ஜனவரி 29, வியாழன்

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தப்ப மாமா சொன்னார். "அஞ்சு மிஷின் நாலாயிருச்சுல்ல புள்ள. அதனால நேத்துக் காலையில ஏழு மணியில இருந்து நாலையும் அணைக்காமயே ஓட்டறாங்களாம். நாளைக்கு எனக்கு ஒம்பது மணிக்கு வரச் சொன்னாங்க."

விரலை விட்டு எண்ணினேன். பாயோடது புதன் காலையில எழுந்தது, வெள்ளி பதினொண்ணுக்கு நின்னுச்சு. இதுவும் புதன் காலை. நாளைக்கும் வெள்ளி. ஒம்பதுக்குப் படுத்தா பதினொண்ணுக்கு மாமா நடுவுல இருப்பார்.

ஆறாவது படிச்சவளுக்குக் கூட வர்ற கணக்குதான்.

சோத்தை மூடி வெச்சுட்டு ஆபீஸுக்குப் போனேன். செருப்பைக் கூடக் கழட்டலை, டெஸ்ட் ரூமுக்குள்ள போயிட்டேன்.

"சார், அந்த மூணு நாள் டெஸ்ட்டு ஓடலீங்."

"என்ன சொல்லுதீய?"

"வெள்ளிக்கிழமை உங்க பில்லையை நான் கழட்டி சர்க்கரை டப்பாவுல போட்டேனுங். சும்மா வெளையாட்டுக்குங். சனிக்கிழமை பலகை காலியா இருக்குதுன்னு மயில்சாமியண்ணன் மெயினை அணைச்சுட்டார். திங்கக்கிழமை காலையில வந்து பார்த்தா இருட்டா நிக்குது. நாந்தானுங் போட்டு விட்டேன். அது பாட்டுக்கு மறுபடி ஓட ஆரம்பிச்சுது. பில்லையையும் மாட்டிட்டேனுங்."

எபி சார் எந்திரிச்சு நின்னார். அடிப்பார்னு நெனைச்சேன். அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். அன்னைக்கு ஓடின டெஸ்ட்டை கம்ப்யூட்டர்ல திறந்து, கீழ கீழ தள்ளி, ஒரு இடத்துல விரலை வெச்சார்.

"பத்தர மணி நேரம்"னார். "இங்கனயே எழுதியிருக்கு. நான் படிக்கல்லக்கா. பச்சையைப் பாத்தேன், கையெழுத்தைப் போட்டேன்."

"தப்பு என்னுதுங் சார்."

"சும்மா கெடங்க."

உடனே சென்டருக்கு போன் போட்டார். ஒவ்வொரு ஆளா எறங்கினதும் மிஷினை அணைச்சுப் போடுங்க, ஒரு ஆள் படுக்கறதுக்கு முன்னால கண்டிப்பா அணைச்சு எழுப்புங்கன்னு கத்தினார். அப்பறம் மொதலாளி ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினார். நான் வெளிய நின்னேன். கையில தொடைக்கிற துணி இருந்துச்சு. சுவத்தைத் தொடைச்சேன்.

ஜனவரி 30, வெள்ளி

அணைச்சு எழுப்பின மிஷின்லதான் மாமாவைப் படுக்க வெச்சாங்க. ஆபத்தில்லைன்னு எபி சார் போன்ல ரெண்டு தடவை சொன்னார். இருந்தாலும் பம்போட கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நாலு மணி நேரம் நின்னேன்.

"ஏம்புள்ள, மாவாட்டப் போறியா?"ன்னார் மாமா.

அப்பத்தான் சொன்னேன். பில்லை, சர்க்கரை டப்பா, எல்லாம். கையில ஊசியோட மனுஷன் எங்கயும் எந்திரிச்சுப் போக முடியாது, அந்த நேரம் பார்த்துச் சொன்னேன். அவர் மூஞ்சியை பாய் நாற்காலிப் பக்கம் திருப்பிக்கிட்டார். பதினொண்ணு ஆச்சு. சக்கரம் சுத்துச்சு. ஒண்ணு ஆச்சு. முடிஞ்சப்பறம் பஸ்ஸுல எனக்கு ஜன்னல் சீட்டை விட்டுட்டு அவர் வேற சீட்டுல உக்காந்தார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

எபி சார் போன் பண்ணினார். பாயோட மிஷினை சென்டர்ல ஓட்டின மாதிரியே அணைக்காம ஓட விட்டிருக்கார், ஆள் இல்லாம, சாயத்தண்ணியில. அம்பத்தோராவது மணி நேரத்துல சத்தமில்லாம நின்னுச்சாம். ரத்த அழுத்தத்தை எழுதி வைக்கிற புரோகிராம் ஒண்ணு. அது சில நேரம் உள்ள வர முடியாமத் திரும்பிப் போகுமாம். வரவே இல்லை, அதனால பில்லை மாட்டலை, ஆனா திரும்பறப்ப மட்டும் ஒண்ணைக் கழட்டிட்டுப் போயிருமாம். எச்சரிக்கை மணி கூட அந்த பம்புத் துண்டைக் கேட்டுத்தான் அடிக்குமாம். அதுதான் வெளிய போயிருச்சே, யாரைக் கேக்கும்.

"அந்தப் புரோகிராம் பேரு பொன்னாத்தாவாங் சார்?"ன்னு கேட்டேன்.

"அதை எழுதுனது நான்தான்க்கா"ன்னார்.

பிப்ரவரி 2, திங்கள்

விசாரணைக்கு ரெண்டு ஆபீஸர் வந்தாங்க. ஒருத்தர் கேட்டார், இன்னொருத்தர் எழுதினார். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமான்னு கேட்டார். தெரியும்னேன். "பொன்னாத்தாள்"னு கடைசி ளையும் சேத்துப் போட்டேன்.

"அந்த டப்பா எங்கே?"ன்னாங்க. கொண்டாந்து குடுத்தேன். சர்க்கரையை வேற டப்பாவுல கொட்டச் சொல்லிட்டு, காலி டப்பாவையும் பில்லையையும் பைக்குள்ள போட்டு அரக்கு வெச்சுட்டாங்க.

ரெஜினா சிஸ்டரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்க. எபி சாரை நிறுத்தியாச்சு, கேசும் வருமாம். மயில்சாமி அண்ணன் மேல குத்தமில்லை. அவர் பலகையைப் பார்த்தார், காலியா இருந்துச்சு, அணைச்சார். எனக்கு வெள்ளிக்கிழமையோட வேலை முடியுது. அதுக்கப்பறம் கூப்பிட்டா கோர்ட்டுக்கு வரணும்.

எபி சார் பொட்டியோட கெளம்பறப்ப கேட் வரைக்கும் போனேன். எதாவது சொல்லணும்ல. கேட்டைத் திறந்து விட்டேன். அவர்தான், "டீ நல்லாத்தான் இருக்கும்க்கா. சும்மா சொன்னேன் அன்னைக்கு"ன்னார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பாய் வீட்டுக்குப் போனேன். வாசல்ல செருப்பு நெறைய. திரும்பி வந்துட்டேன்.

பிப்ரவரி 4, புதன்

இன்னைக்கு உள்ளயே போயிட்டேன். பாய் சம்சாரம் ஹபீபா கோரைப்பாய்ல உக்காந்திருந்தாங்க. தொப்பியைக் குடுத்தேன். எல்லாத்தையும் சொன்னேன். பொண்ணுங்க ரெண்டு பேரு கத்தினாங்க, வெளிய போன்னாங்க. ஹபீபா கையைக் காட்டி அமத்தினாங்க.

"அன்னைக்கு ஏன் அத்தனை சீக்கிரம் போனார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங். ஜும்மாவுக்குப் போகணும்னு."

"என்கிட்ட சொல்லலை. மருந்து வாங்கப் போறேன்னுட்டுப் போனார். நான் திட்டுவேன்னு. வெயில்ல போகாதேன்னு திட்டுவேன்." தொப்பியை மடியில விரிச்சு விரிச்சு மடிச்சாங்க. அப்பறம், "போயிட்டு வாங்க"ன்னு சொல்லலை. "போங்க"ன்னாங்க.

வீட்டுக்கு வந்தேன். மாமா சோறு வடிச்சு வெச்சிருந்தார். ரெண்டு தட்டு வெச்சிருந்தார்.

பிப்ரவரி 6, வெள்ளி

காலையில மாமா தனியாவே சென்டருக்குப் போயிட்டார். வேற கம்பெனி மிஷின் வந்திருச்சாம். நான் கடைசி நாள்னு ஆபீஸ் போனேன். ஆணிப் பலகையில எபி சார் மாட்டற ஆணி இன்னும் இருக்கு. யாரும் பிடுங்கலை.

நாலு மணிக்குக் கடைசி டீ. இஞ்சி தட்டிப் போட்டு, பால் திக்கா விட்டு, பார்த்துப் பார்த்துப் போட்டேன். எல்லாருக்கும் கொண்டு போய்க் குடுத்தேன். மொதலாளிக்கு அவரோட பீங்கான் கப்புல. பத்து பேரும் குடிச்சாங்க. கேட்டுல மயில்சாமி அண்ணனும் குடிச்சார். நல்லாருக்குன்னும் சொல்லலை, நல்லால்லைன்னும் சொல்லலை. டம்ளரெல்லாம் காலியாத்தான் திரும்பி வந்துச்சு.

பாத்திரம் கழுவி முடிச்சுட்டு எனக்கு வெச்சிருந்ததை எடுத்து ஒரு வாய் குடிச்சேன்.

திங்கக்கிழமை நான் சர்க்கரையைக் கொட்டினது பச்சை மூடி டப்பாவுல. இன்னைக்கு அள்ளிப் போட்டது நீல மூடி. அது மோருக்கு வெச்சிருக்கிற உப்பு.